கனெக்டட் என்று காட்டுகிறது, நெட் வரவில்லை: டெர்மினல் கேள்வி-பதில்

நெட்வொர்க் கார்டின் நிலையை, பெரும்பாலும் லினக்ஸில், டெர்மினலில் பார்ப்பது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பதில்களுக்கு முன் ஒரு விஷயம். கேபிளில் சிக்னல் வருகிறதா, கார்டை இயக்கி வைத்திருக்கிறோமா, ஐபி முகவரி கிடைத்ததா, வெளியே போக வழி இருக்கிறதா, தளத்தின் பெயரை முகவரியாக மாற்ற முடிகிறதா என்று கீழிருந்து மேலாக ஐந்து அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு கட்டளையும் இவற்றில் ஒன்றிரண்டைப் பற்றித்தான் பேசும். "கனெக்டட்" என்று திரையில் பார்த்தால், அதை எந்த அடுக்கு சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

உபுண்டு புதிதாகப் போட்டேன். இஃப்கான்ஃபிக் தட்டினால் கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்கிறது. தனியாக நிறுவிக்கொள்ளட்டுமா?

வேண்டாம். இஃப்கான்ஃபிக் இருக்கும் நெட்-டூல்ஸ் தொகுப்பு பழையது. 2017-ல் வந்த டெபியன் 9-லிருந்தே அது தானாக நிறுவப்படுவதில்லை. அதன் இடத்தில் 'ஐபி' என்ற ஒரே கட்டளை இருக்கிறது. 'ஐபி -பிஆர் லிங்க்' என்று தட்டினால் ஒரு கார்டுக்கு ஒரு வரி வீதம் நிலை தெரியும். 'ஐபி -பிஆர் அட்ரஸ்' தட்டினால் முகவரிகளும் வரும்.

பழக்கத்துக்காக இஃப்கான்ஃபிக்கையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், சும்மா தட்டினால் இயக்கத்தில் இருக்கும் கார்டுகளை மட்டும்தான் அது காட்டும். எந்தக் கார்டு அணைந்து கிடக்கிறது என்று தேடுகிற நேரத்தில் அந்தக் கார்டே பட்டியலில் இருக்காது. ஒரே கார்டுக்கு இரண்டாவதாக ஒரு முகவரி கொடுத்திருந்தால் அதையும் பல நேரம் காட்டாமல் விட்டுவிடும்.

இன்னொன்று: 'லோ' என்ற லூப்பேக்குக்கு (கணினி தன்னோடு தானே பேசும் உள் இணைப்பு) நேராக அன்னோன் என்று வரும். அது கோளாறு இல்லை. அதற்குக் கேபிளே கிடையாது, சொல்லவும் ஒரு நிலை கிடையாது.

'ஐபி லிங்க்' தட்டினால் ஒரே வரியில் அப் என்றும் இருக்கிறது, டவுன் என்றும் இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். இரண்டும் வேறு வேறு அடுக்கைப் பற்றிச் சொல்கின்றன.

கோண அடைப்புக்குள் வரும் 'அப்', கார்டை இயக்கச் சொல்லி நீங்களோ சிஸ்டமோ உத்தரவு கொடுத்தாயிற்று என்று சொல்கிறது. அதே அடைப்புக்குள் 'லோயர்-அப்' இருந்தால் எதிர்முனையிலிருந்து சிக்னலும் வருகிறது. 'நோ-கேரியர்' இருந்தால் சிக்னல் வரவில்லை. அடைப்புக்கு வெளியே 'ஸ்டேட்' என்பதை அடுத்து வருவது, எல்லாம் சேர்ந்து இப்போது இந்தக் கார்டில் தரவு போகுமா என்பதற்கான பதில்.

அதனால் நீங்கள் பார்த்தது கேபிள் பிடுங்கிய கணினியில் வரும் சாதாரணக் காட்சிதான்: கார்டு தயார், கேபிளில் சிக்னல் இல்லை, ஆகவே ஸ்டேட் டவுன். இந்த நிலையில் நெட்வொர்க் சர்வீஸை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் எதுவும் மாறாது. எழுந்துபோய் கேபிளின் இரண்டு முனைகளையும் பாருங்கள், சுவிட்சுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். அடைப்புக்குள் 'அப்' என்ற சொல்லே இல்லையென்றால் கதை வேறு. அப்போது 'சூடோ ஐபி லிங்க் செட்' என்று தட்டி (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்), கார்டின் பெயரையும் அதன்பின் 'அப்' என்பதையும் சேர்த்தால் போதும்.

என் கார்டின் பெயர் ஏன் ஈத்0 என்று இல்லாமல் இஎன்பி3எஸ்0 என்று இருக்கிறது?

கார்டு மதர்போர்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து வந்த பெயர் அது. இஎன் என்றால் ஈதர்நெட், பி3 என்றால் மூன்றாம் எண் பிசிஐ பஸ், எஸ்0 என்றால் அதில் பூஜ்ஜியமாவது ஸ்லாட். வைஃபை என்றால் டபிள்யூஎல் என்று தொடங்கும். இரண்டு கார்டு உள்ள கணினியில் ஒவ்வொரு பூட்டிலும் ஈத்0-வும் ஈத்1-உம் இடம் மாறும் தொல்லையைத் தீர்க்க, 2013-ல் லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி இந்த முறையைக் கொண்டுவந்தது. இரண்டு கார்டு போட்ட ஃபயர்வால் கணினியில் பெயர் மாறினால் உள்பக்கத்துக்கு எழுதிய விதி வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். அதனால் பெயர் நீளமாக இருந்தாலும் இந்த முறைதான் எனக்குப் பிடிக்கும்.

இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரின் 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்' தட்டினேன். ஒரு கார்டுக்கு அன்அவைலபிள், இன்னொன்றுக்கு அன்மேனேஜ்டு, மூன்றாவதற்கு டிஸ்கனெக்டட். மூன்றுமே வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

மூன்றுக்கும் மருந்து வேறு. நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிஸ்கனெக்டட் என்றால் கார்டில் குறையில்லை, கேபிளும் இருக்கிறது. எந்த இணைப்பையும் இயக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் கனெக்ட்' என்று தட்டிக் கார்டின் பெயரைக் கொடுங்கள்.

அன்அவைலபிள் என்றால் கீழ் அடுக்கிலேயே தடை. கேபிள் கார்டு என்றால் பெரும்பாலும் சிக்னல் இல்லை. வைஃபை என்றால் ரேடியோ அணைந்திருக்கலாம், அல்லது ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஏறாமல் இருக்கலாம்.

அன்மேனேஜ்டு என்பதுதான் அதிகம் பேரைக் குழப்புகிறது. "இந்தக் கார்டு என் பொறுப்பில் இல்லை" என்று நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவே. கார்டு வேறொருவர் கையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். உபுண்டு சர்வரில் வழக்கமாக சிஸ்டம்டி-நெட்வொர்க்டிதான் கார்டுகளைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே 'நெட்வொர்க்சிடிஎல்' தட்டினால் உண்மை நிலை தெரியும். டெபியனில் என்றால் இடிசி அடைவுக்குள் நெட்வொர்க் அடைவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் பெயர் எழுதப்பட்ட கார்டை நெட்வொர்க்மேனேஜர் தொடாது. இது தெரியாமல் இரண்டு மேலாளர்களையும் ஒரே கார்டின் மேல் ஏவிவிட்டால் முகவரி வரும், போகும், மறுபடி வரும். ஒரு கார்டுக்கு ஒரே மேலாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு நிலையையும் சொல்லிவிடுகிறேன். "கனெக்டிங்" என்று வந்து, ஐபி கான்ஃபிகரேஷன் பெறுகிறேன் என்ற இடத்திலேயே வெகுநேரம் நின்றால், கேபிள் சரி, கார்டும் சரி, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்துதான் பதில் வரவில்லை. அப்போது ரவுட்டர் பக்கம் போங்கள்.

மடிக்கணினியில் வைஃபை மட்டும் அன்அவைலபிள். என்ன செய்வது?

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' தட்டுங்கள். சாஃப்ட் பிளாக்டு என்பதற்கு நேராக யெஸ் என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' தட்டித் திறந்துவிடலாம். ஹார்ட் பிளாக்டு யெஸ் என்றால் கட்டளையால் முடியாது. மடிக்கணினியின் ஓரத்தில் இருக்கும் சுவிட்சையோ, விசைப்பலகையில் விமானம் வரைந்த விசையையோ பாருங்கள்.

இரண்டும் நோ என்றால் 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். கோப்பு ஏறவில்லை என்று அங்கே எழுதியிருந்தால், அந்தக் கோப்பு உள்ள தொகுப்பை நிறுவிவிட்டு மறுபடி பூட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டுக்கு 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறோம். கேபிளில் 95-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. சேவை நிறுவனத்திடம் சண்டை போடலாமா?

சண்டைக்கு முன் 'சூடோ ஈத்டூல்' என்று தட்டிக் கார்டின் பெயரைக் கொடுங்கள். ஸ்பீடு என்ற வரியில் 100 என்று இருந்தால், உங்கள் கணினிக்கும் அது செருகியிருக்கும் பெட்டிக்கும் நடுவிலேயே வேகம் நின்றுவிட்டது. வெளியே எவ்வளவு வந்தாலும் உள்ளே அவ்வளவுதான் வரும். 95 என்ற எண்ணே அதற்கு அடையாளம்.

100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டே போதும். ஆர்ஜே45 முனையில் 1, 2, 3, 6 ஆகிய பின்கள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். கிரிம்ப் செய்யும்போது நான்காவதோ ஏழாவதோ சரியாகக் கடிபடாமல் போனால், பல கார்டுகள் முயன்று பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், நெட்டும் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சில கார்டுகள் இப்படி இறங்காமல் லிங்கே எடுக்காமல் நின்றுவிடுவதும் உண்டு.

ஆகவே முதலில் வேறொரு நல்ல கேபிளைப் போட்டுப் பாருங்கள். மாறவில்லையென்றால் ஈத்டூல் வெளியீட்டில் லிங்க் பார்ட்னர் என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். எதிர்முனை என்னென்ன வேகங்களைத் தருவதாகச் சொல்கிறது என்று அங்கே இருக்கும். 1000 என்பதே அங்கே இல்லையென்றால் ரவுட்டரின் போர்ட்டே 100-க்கு மேல் போகாததாக இருக்க வாய்ப்பு அதிகம். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு அப்படியொரு பெட்டியைக் கொடுத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லி உரிமையோடு கேளுங்கள். அந்த வெளியீட்டைப் படம் எடுத்துக் காட்டுங்கள்.

டூப்ளெக்ஸ் என்ற வரியில் ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் முறை) என்று வந்தால் அதையும் விடாதீர்கள். ஒரு முனையில் யாரோ வேகத்தைக் கையால் நிலையாக வைத்து, மறுமுனை ஆட்டோவில் இருந்தால் இப்படி ஆகும். இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள்.

அலுவலகத்தில் விண்டோஸ்தான். அங்கே என்ன தட்டுவது?

பவர்ஷெல்லில் 'கெட்-நெட்அடாப்டர்'. நிலையும் லிங்க் வேகமும் ஒரே அட்டவணையில் வரும். டிஸேபிள்டு என்றால் நாமே அணைத்து வைத்தது, டிஸ்கனெக்டட் என்றால் கேபிள் பக்கம் பிரச்சினை. முகவரிக்கு வழக்கமான 'ஐபிகான்ஃபிக் /ஆல்'. அதில் 169.254 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால் டிஹெச்சிபி பதில் தரவில்லை, விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். வைஃபை சிக்னலுக்கு 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேஸஸ்'. புதிய விண்டோஸ் 11-ல் இதற்கு லொகேஷன் அனுமதி கேட்கும், கொடுத்தால்தான் காட்டும்.

எல்லாமே கனெக்டட். முகவரியும் இருக்கிறது. பிரவுசரில் மட்டும் எதுவும் திறக்கவில்லை.

இதுவரை பார்த்த கட்டளைகள் பேசாத மேல் அடுக்குகளில் சிக்கல். வரிசையாகப் போங்கள்.

'ஐபி ரூட்' தட்டுங்கள். டிஃபால்ட் என்று தொடங்கும் வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே போக வழியே இல்லை. இருந்தால் அதிலுள்ள கேட்வே (வெளியே போகும் வாசல், வீட்டில் ரவுட்டர்) முகவரிக்கு, பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைப் போடுங்கள். பதில் இல்லையென்றால் உடனே முடிவுக்கு வர வேண்டாம், பிங்குக்குப் பதில் சொல்லாதபடி வைத்த ரவுட்டர்களும் உண்டு. பிங் போட்ட கையோடு 'ஐபி நெய்பர்' தட்டிப் பாருங்கள். கேட்வேக்கு நேராக ரீச்சபிள் என்றால் அது உயிரோடுதான் இருக்கிறது. ஃபெயில்டு அல்லது இன்கம்ப்ளீட் என்றால் அதன் மேக் முகவரியே (கார்டின் வன்பொருள் முகவரி) கிடைக்கவில்லை, ரவுட்டர் வரையான பாதையிலேயே கோளாறு. ஸ்டேல் என்று வந்தால் பயப்பட வேண்டாம், சற்று நேரமாக உறுதி செய்யப்படாத பதிவு என்று மட்டும்தான் பொருள்.

அடுத்து இணையத்தில் இருக்கும் 1.1.1.1 என்ற பொது சர்வருக்குப் பிங். அது போகிறது, ஆனால் தளத்தின் பெயரைக் கொடுத்தால் போகவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான் குற்றவாளி. 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' தட்டி, எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது என்று பாருங்கள்.

விடுதி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் என்றால் 'என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி' தட்டுங்கள். போர்ட்டல் என்று வந்தால் லாகின் பக்கம் ஒன்று காத்திருக்கிறது.

எங்கள் கல்லூரி லேபில் ஒரு சிஸ்கோ சுவிட்ச். ஒரு போர்ட் மட்டும் எர்-டிசேபிள்டு என்று காட்டுகிறது. கேபிள் மாற்றியும் பயனில்லை.

சுவிட்ச் தானே அந்தப் போர்ட்டை மூடிவிட்டது. கேபிளை மாற்றித் திறக்க முடியாது. 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்டு' தட்டினால் காரணமும் வரும். லேப்களில் அதிகம் பார்ப்பது போர்ட் செக்யூரிட்டி மீறல். அதைப் போட்டுவைத்தால் வழக்கமாக ஒரு போர்ட்டில் ஒரே மேக் முகவரிதான் அனுமதி. யாராவது அங்கே ஒரு சின்ன சுவிட்சைச் செருகி இரண்டு கணினிகளை மாட்டியிருப்பார்கள். முதலில் அதை எடுங்கள். அப்புறம் அந்தப் போர்ட்டுக்குள் போய் 'ஷட்டவுன்', பிறகு 'நோ ஷட்டவுன்'. காரணத்தை நீக்காமல் திறந்தால் சற்று நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

கார்டு எப்போது விழுகிறது என்று ஸ்கிரிப்ட் வைத்துக் கண்காணிக்க வேண்டும். எந்தக் கட்டளையின் வெளியீட்டை எடுப்பது?

அழகாகத் தெரியும் அட்டவணையை வெட்டி எடுக்காதீர்கள், பதிப்பு மாறினால் உடையும். என்எம்சிஎல்ஐ என்றால் '-டி', '-எஃப்' கொடுத்து வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் வாங்குங்கள். அதைவிட எளிது, சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் நெட், அதற்குள் கார்டின் பெயர். அங்கே ஆப்பர்ஸ்டேட் என்ற கோப்பில் ஒரே சொல்லில் நிலை இருக்கும். கேரியர் கோப்பைவிட இதை எடுப்பது நல்லது. கார்டு அணைந்திருக்கும்போது கேரியரைப் படித்தால் பிழைதான் வரும்.

அதே இடத்தில் கேரியர்-சேஞ்சஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. லிங்க் எத்தனை முறை எழுந்து விழுந்தது என்று கெர்னல் அதில் எண்ணிக்கொண்டே இருக்கும். "அப்பப்போ நெட் போகுது சார், ஆனா நீங்க வரும்போது சரியா இருக்கு" என்று சொல்லும் கணினியில் நான் முதலில் திறப்பது இதைத்தான். காலையில் பார்த்த எண் மாலைக்குள் ஏறியிருந்தால் கேபிள், கனெக்டர், சுவிட்ச் போர்ட் என்று தேடத் தொடங்கலாம். ஏறவேயில்லையென்றால் கம்பி பக்கம் விட்டுவிட்டு மேல் அடுக்குகளைப் பாருங்கள். நேரலையாகப் பார்க்க 'ஐபி மானிட்டர் லிங்க்' ஓடவிட்டுக் கேபிளை மெல்ல அசைத்துப் பாருங்கள்.

தொலைவிலிருந்தே டெர்மினல் தரும் எஸ்எஸ்ஹெச் வழியாக வேறிடத்துச் சர்வரில் இதைச் செய்பவர்கள், நீங்கள் உள்ளே வந்த கார்டை 'டவுன்' செய்யாதீர்கள். அடுத்த வரி தட்ட உங்களுக்கு வழி இருக்காது. உபுண்டு சர்வரில் அமைப்பை மாற்றியே ஆக வேண்டுமென்றால் 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே தானாகத் திரும்பிவிடும்.