வாங்கிய விலையே லாப சதவீதமாக வரும் கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு பொருளை 24-க்கு விற்றதில், வாங்கிய விலை எவ்வளவோ அத்தனை சதவீதம் லாபம் கிடைத்தது, வாங்கிய விலை என்ன? இதற்குச் சமன்பாடே எழுத வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன், காரணிப்படுத்தும்போது தடுமாறுகிறவர்களைவிட இப்படி முதல் வரியிலேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் எக்ஸ் என்று வைக்காதீர்கள், பாதி வழியில் அது எதற்கு வைத்தது என்பதே மறந்துபோகும். அடக்க விலைக்கு, அதாவது வாங்கிய விலைக்கு, 'அ' என்று வைத்துக்கொள்வோம். லாப சதவீதம் அடக்க விலையின் மேல்தான், விற்ற விலையின் மேல் அல்ல. அ-வில் அ சதவீதம் என்றால் அ × அ/100, அதாவது அ²/100. இருபடி இங்கேதான் நுழைகிறது, ஒரே எண் விலையாகவும் சதவீதமாகவும் இரண்டு வேலை பார்ப்பதால் அது தன்னையே பெருக்க வேண்டி வருகிறது.

அ + அ²/100 = 24
அ² + 100அ − 2400 = 0
(அ − 20)(அ + 120) = 0

−120 விலையாக முடியாது, எனவே 20. இருபதில் 20 சதவீதம் 4, சேர்த்தால் 24. சரி.

இப்போது கேள்வியில் 'லாபம்' என்பதை மட்டும் 'நட்டம்' என்று மாற்றிப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அ − அ²/100 = 24, அதாவது அ² − 100அ + 2400 = 0. மூலங்கள், அதாவது சமன்பாட்டுக்குப் பொருந்தும் எண்கள், 40, 60. என்னிடம் படித்த ஒரு பெண் இரண்டையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு 60-ஐ அடித்துவிட்டாள், ஏன் என்று கேட்டால் "ஒரு விடைதானே சார் இருக்கும்" என்றாள். ஆனால் 40-ல் 40 சதவீதம் 16, கழித்தால் 24. 60-ல் 60 சதவீதம் 36, கழித்தால் அதுவும் 24. இரண்டுமே விடை, இரண்டையும் எழுத வேண்டும். ஒரு மூலத்தைத் தள்ளுவதென்றால் அது கேள்விக்குப் பொருந்தாததால் தள்ள வேண்டுமே தவிர, பழக்கத்தால் தள்ளக்கூடாது.

அப்புறம், இதே நட்டக் கணக்கில் விற்ற விலையை 26 ஆக்கினால் தன்மைகாட்டி (இருபடிச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண்) 10000 − 10400 = −400, அது குறை எண் என்பதால் விடையே கிடையாது. காரணம் எளிது. விற்ற விலை என்பது அ(100 − அ)/100. கூட்டினால் 100 வரும் இரண்டு எண்களின் பெருக்கல் இரண்டும் 50 ஆக இருக்கும்போதுதான் மிக அதிகம், 2500. ஆகவே இந்த நட்டக் கணக்கில் விற்ற விலை 25-ஐத் தாண்டவே முடியாது.

இன்னொரு வகையும் தேர்வில் வரும்: 600-க்குச் சில பொருட்கள் வாங்கி, 5 பொருட்களை வைத்துக்கொண்டு, மீதியை ஒவ்வொன்றும் 5 கூடுதலாக விற்றதில் மொத்தம் 625 வந்தது, எத்தனை பொருட்கள் வாங்கினார்? எண்ணிக்கையை 'எ' என்றால் ஒன்றின் விலை 600/எ, விற்றது (எ − 5).

(எ − 5)(600/எ + 5) = 625

விரித்து, எ-யால் பெருக்கி, 5-ஆல் வகுத்தால் எ² − 10எ − 600 = 0, மூலங்கள் 30, −20. ஆக 30 பொருட்கள், ஒன்று 20. இதையே விலையை மாறியாக வைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், 20, −30 என்று வரும். அதே இரண்டு எண்கள்தான், குறி மட்டும் இடம் மாறியிருக்கும்.