வீட்டு சர்வருக்கு எந்த ஓ.எஸ்.? கேள்வி பதில்

போட்டோ, பாட்டு, பத்திரங்களின் ஸ்கேன் என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு சர்வரில் (எப்போதும் ஓடிக்கொண்டு கோப்புகளைக் கொடுக்கும் கம்ப்யூட்டரில்) வைத்துக்கொள்ள நினைக்கும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சிசிடிவி பற்றிய கேள்விகளுக்கு நான் ஆள் இல்லை, விட்டுவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர், கல்லூரி மாணவர்: அண்ணா, வீட்டில் பழைய ஐ3 டெஸ்க்டாப் இருக்கிறது, 4 ஜிபி ராம். உபுண்டு, டெபியன், ப்ராக்ஸ்மாக்ஸ், ட்ரூநாஸ் என்று ஆளுக்கொரு ஓ.எஸ். (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) சொல்கிறார்கள். எதைப் போடுவது?

டெபியன் போடு தம்பி. நீ சொன்ன மற்ற மூன்றுக்கும் வேர் அதுதான். உபுண்டு டெபியனிலிருந்து வந்தது, ப்ராக்ஸ்மாக்ஸ் அதன் மேல் கட்டியது, ட்ரூநாஸின் லினக்ஸ் பதிப்பும் அப்படியே. இதில் கை பழகிவிட்டால் நாளைக்கு எதற்கு மாறினாலும் திணற மாட்டாய். டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில். நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஒரு பதிப்புக்கு ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் ஒரே மெஷினுக்குள் பல மெஷின்களை ஓட்டுவதற்கானது, உன் 4 ஜிபியில் அதற்கு இடம் போதாது.

இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு இடத்தில் நிதானமாக இரு. ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்கிற இடத்தை வெறுமையாக விட்டுவிடு. அப்போதுதான் நீ உருவாக்கும் யூசருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்யும் அனுமதி, தானாக வரும். கடைசியில் ஒரு மென்பொருள் பட்டியல் காட்டும். அதில் டெஸ்க்டாப், க்னோம் இரண்டிலும் டிக்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சர்வருக்கு (வேறு கம்ப்யூட்டரிலிருந்து இதை இயக்க உதவுவது) டிக் போடு. அப்புறம் மானிட்டரைக் கழற்றிப் பரணில் வைத்துவிடலாம், மற்ற வேலையெல்லாம் உன் லேப்டாப்பிலிருந்தே நடக்கும். பயாஸுக்குள் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை செட்டிங்) போய், கரண்ட் திரும்பியதும் மெஷின் தானாக ஆன் ஆகும்படி வைத்துவிடு. நம் ஊருக்கு அது கட்டாயம்.

முதலில் சாம்பா என்ற பகிர்வு மென்பொருளில் ஒரு ஃபோல்டரை வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்து பழகு. போட்டோக்களைச் சேர்த்துப் பார்க்க இம்மிச் என்ற மென்பொருள் வேண்டுமென்றால் ராமை 8 ஜிபி ஆக்கிய பிறகு பார்க்கலாம்.

லாஸ்பேட்டை, ஆசிரியை: கறுப்புத் திரையில் டைப் அடிப்பது எனக்கு ஒத்துவராது. வேறு வழி உண்டா?

உண்டு மேடம். ஓப்பன்மீடியாவால்ட் போடுங்கள். அதுவும் டெபியன்தான், ஆனால் பிரவுசரில் கிளிக் செய்தே டிஸ்க், யூசர், பகிர்வு எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். ஓ.எஸ்.ஸுக்குத் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு வேறு டிஸ்க் என்று பிரித்து வையுங்கள்.

நெல்லிக்குப்பம்: விண்டோஸ் 10 ஏற்கெனவே இருக்கிறது. அதையே சர்வராக வைத்துக்கொண்டால் என்ன?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதன் பொது ஆதரவு முடிந்துவிட்டது. இருபத்து நாலு மணி நேரமும் ஓடப்போகிற மெஷினுக்கு அது வேண்டாம்.

அரியாங்குப்பம்: இரண்டு 2 டிபி டிஸ்க் வாங்கி ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டிலும் எழுதுவது) போட்டுவிட்டேன். பேக்கப் கவலை தீர்ந்தது, சரிதானே?

சரியில்லை சார். ரெய்டு பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடும், அதன் பயன் அவ்வளவுதான். பையன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் அடுத்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அது இருக்காது. இரண்டும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) தொங்குகின்றன, பெரிய சர்ஜ் வந்தால் சேர்ந்தே போகலாம். இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி வெளி டிஸ்க்காக வைத்து, வாரம் ஒருமுறை நகல் எடுங்கள்.

மஞ்சக்குப்பம்: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் ஃபேன்கூட நிற்பதில்லை. சர்வருக்குத் தனியாக யூபிஎஸ் வேண்டும் என்கிறார்கள், அது தண்டச்செலவு இல்லையா?

ஃபேனை வைத்து முடிவு கட்டாதீர்கள். கரண்ட் கண நேரம் விட்டாலும் சுற்றிய வேகத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் தாங்குவது பதினைந்து இருபது மில்லிசெகண்டுதான். சாதாரண மோடில் இருக்கும் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் அந்தக் கோப்பு கெடலாம்.

அதே வாசகர்: இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்சை யூபிஎஸ் மோடில் போட்டுப் பார்த்தேன். ரீஸ்டார்ட் ஆகவே இல்லை. இப்போது ஒப்புக்கொள்வீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். சைன் வேவ் இன்வெர்ட்டர், யூபிஎஸ் மோடு என்றால் சின்னச் சின்ன கட்டுகளைத் தாண்டிவிடும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று அது சர்வருக்குச் சொல்லாது. ராத்திரி இரண்டு மணிக்கு அது தீர்ந்தால் சர்வர் அப்படியே விழும். யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போகிறது. என்யூடி என்ற மென்பொருள் அதன் வழியாக பேட்டரி நிலவரத்தைப் படித்து, தீர்வதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிடும். நான் காசு கொடுக்கச் சொல்வது அந்தக் கேபிளுக்காகத்தான். வாங்கும்போது யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மலிவு மாடல்கள் பலவற்றில் இருக்காது.

முதலியார்பேட்டை: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பழைய லேப்டாப்பை சர்வராக்கினால் இந்தச் சண்டையே வேண்டாமே? பேட்டரி உள்ளேயே இருக்கிறதே.

நல்ல யோசனை. பழைய டெஸ்க்டாப் சும்மா ஓடவே 50 வாட் எடுத்தால் இரண்டு மாதத்தில் 72 யூனிட் அதற்கே போகும். லேப்டாப் அதில் கால் பங்கில் முடித்துவிடும். மூடியை மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றுங்கள். மாடலில் வசதி இருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், அதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

இரு தரப்பும் மறந்த ஒன்று இருக்கிறது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் கரண்ட் இல்லையென்றால் சர்வர் உயிரோடு இருந்தும் வெளியிலிருந்து எட்ட முடியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும்.

பரங்கிப்பேட்டை: சிங்கப்பூரில் இருக்கும் தம்பி நம் வீட்டு போட்டோவைப் பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை சர்வருக்கு அனுப்பும் அமைப்பு) செய்தேன், வேலை செய்யவில்லை.

வேலை செய்யாததே நல்லது பாய், அதை எடுத்துவிடுங்கள். ரவுட்டரில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுக்கும் முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே வெளி ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று பொருள். அதில் போர்ட் திறந்தும் பயனில்லை. டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை சர்வரிலும் தம்பியின் போனிலும் போடுங்கள். அது வயர்கார்டு என்ற பூட்டிய தனி வழியில் இயங்குவது, எந்த போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

நெய்வேலி: உபுண்டுவா, டெபியனா?

முதல் பதிலைப் பாருங்கள்.

வில்லியனூர்: டெபியனா, உபுண்டுவா? கூடவே, ரெய்டு 5 போட்டால் பேக்கப் தேவையில்லை அல்லவா?

முதல் பதிலைப் படியுங்கள், அப்புறம் அரியாங்குப்பத்துக்கு எழுதியதைப் படியுங்கள். 5 என்றாலும் 6 என்றாலும் ரெய்டு பேக்கப் ஆகாது.

தேவனாம்பட்டினம்: கடலுக்கு அருகில் வீடு. எதை கவனிக்க வேண்டும்?

உப்புக்காற்றை. உங்கள் பக்கத்திலிருந்து வரும் கேபினட்டுகளில் ஸ்குரு துருப்பிடித்து, பின்பக்க போர்ட்டுகளில் பச்சை பூத்திருக்கும். கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். மெஷினை அணைக்காமல் ஓட்டுவதே நல்லது, உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. ராம் தகராறு செய்தால் கழற்றி, அதன் பட்டைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டிப் பாருங்கள்.

பாகூர்: என் பேக்கப் டிஸ்க் கடலூரில் அக்கா வீட்டில் இருக்கிறது. வேறு ஊரில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பார்களே, அந்தக் கணக்கு சரியாகிவிட்டதா?

நம் பகுதிக்கு அது போதாது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது, இரண்டு ஊரும் சேர்ந்தே அடி வாங்கின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, இரண்டு பக்கமும் வெள்ளம். சேலத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் ஐப்பசி மழைக்கு முன் அங்கே ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வையுங்கள். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளில் நகல் எடுத்தால் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் திறக்க முடியாது. உங்களாலும் முடியாது என்பதால் அதைத் தாளில் எழுதித் தனியாக வையுங்கள். கொடுத்து அனுப்புவதற்கு முன் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, நாலு போட்டோவையாவது மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.