ரோட்டரி என்ற உலகளாவிய சேவை அமைப்பில் சேர்ந்தால் நேரடியாக அமெரிக்கத் தலைமையகத்தில் உறுப்பினரா?

இல்லை. நீங்கள் உங்கள் ஊர்ச் சங்கத்தில்தான் உறுப்பினர். அந்தச் சங்கம்தான் ரோட்டரி இன்டர்நேஷனல் என்ற உலக அமைப்பில் உறுப்பினர். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் இருப்பார்கள். பல சங்கங்கள் சேர்ந்தது ஒரு மாவட்டம் (அரசு மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), அதற்கு ஒரு ஆளுநர். அப்புறம், எல்லாவற்றுக்கும் மேலே இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் தலைமையகம்.

சங்கத் தலைவர், ஆளுநர், உலகத் தலைவர் என யாராக இருந்தாலும் வழக்கமாக ஓராண்டுதான் பதவி. ஜூலை 1 அன்று ரோட்டரியின் புது ஆண்டு பிறக்கும். பதவியேற்பு விழாவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய தலைவர் பதவியின் அடையாளமான தன் கழுத்துப் பட்டையைக் கழற்றிப் புதியவருக்கு மாட்டிவிடுவார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் முதல் சங்கத்தைத் தொடங்கியபோது உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துக் கூடினார்கள். ரோட்டரி என்ற பெயரே அந்தச் சுழற்சியிலிருந்து வந்ததுதான்.