ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: என் வயது 38. கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறேன். காலையில் கண் விழித்ததும் தொடங்கி, மாலை ஏழு மணிக்குள் பெரிய கோப்பையில் ஏழு முறையாவது காபி குடித்துவிடுகிறேன். இரவில் வெகுநேரம் தூக்கம் பிடிப்பதில்லை. எழும்போதே உடம்பு அசதியாக இருக்கிறது. அவ்வப்போது நெஞ்சு படபடக்கிறது. இவற்றைவிட எனக்கு விளங்காதது ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் தலைவலி. அன்று தாமதமாக எழுந்து நேரே சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். மாலையில்தான் முதல் காபி. வேலையே இல்லாத அந்த நாளில், பிற்பகல் இரண்டு மணிவாக்கில் வலி ஆரம்பித்து, காபி குடித்த சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. கண் பரிசோதனையில் குறையொன்றும் இல்லை. காபி உடம்புக்கு நல்லது என்றும் அடிக்கடி படிக்கிறேன். எனக்குக் காபி மருந்தா, நோயா?

பதில்: தூக்கமின்மை, அசதி, படபடப்பு, தலைவலி என்று நான்கு தொல்லைகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பின்னலை அவிழ்க்க உதவும் முனை, நீங்கள் விளங்கவில்லை என்று சொன்ன தலைவலிதான்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. நரம்பணுக்களில் அதற்கென்றே உள்ள ஏற்பிகளில் அது போய் அமரும்போது நமக்குச் சோர்வும் தூக்கமும் வருகின்றன. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், வடிவத்தில் அடினோசினை ஒத்திருப்பதால், அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு இடம்பிடித்துவிடுகிறது. ஆனால் சோர்வுச் செய்தியைச் சொல்லாமல் வாயடைத்து நிற்கிறது. அடினோசினோ வெளியே காத்துக்கொண்டே இருக்கிறது. காஃபீனின் வேலை முடிந்ததும், அதுவரை மறைந்திருந்த களைப்பு மொத்தமாக வந்து கவிகிறது. ஆகவே காபி உங்களுக்குத் தெம்பு தருகிறது என்பதைவிட, உங்கள் களைப்பை உங்களிடமிருந்தே மறைக்கிறது என்பதே சரி. நாள்தோறும் ஏழு கோப்பை குடிப்பவர், தான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்பதை அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்க முடியும். எனக்குக் கவலை தருவது அதுதான்.

அடினோசினுக்கு மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கும் தன்மையும் உண்டு. காஃபீன் அதைத் தடுத்துக் குழாய்களைச் சுருங்க வைக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை இந்த நிலைக்குப் பழகிவிடுவதால், வழக்கமான காஃபீன் ஒரு நாள் வராவிட்டால் குழாய்கள் விரிந்து, இரத்த ஓட்டம் கூடி, தலை வலிக்கிறது. கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்கும். சனிக்கிழமை மாலை ஏழு மணியிலிருந்து ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி வரை எண்ணிப் பாருங்கள்: பத்தொன்பது மணி நேரம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பகுப்புக் கையேட்டில் ‘காஃபீன் விலகல்’ ஒரு கோளாறாகவே இடம்பெற்றிருக்கிறது. காபி உங்கள் தலைவலியை ஆற்றுவது உண்மை. அந்தத் தலைவலியை வரவழைத்ததும் அதே காபிதான்.

தூக்கத்துக்கு வருவோம். குடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் காஃபீன் உச்சத்தை எட்டிவிடுகிறது. ஆனால் அதில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கல்லீரலின் நொதியைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். ஏழு மணிக்குக் குடித்த காபியில் பாதி நள்ளிரவிலும் உங்கள் உடலில் இருக்கிறது; பிற்பகல் கோப்பைகளின் மிச்சம் வேறு. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்துக்கொண்டவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காபி குடித்துவிட்டு உடனே உறங்குகிறேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுக்கும் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறையக்கூடும். குறைந்த தூக்கம் மறுநாள் அசதியாகிறது, அசதி காபியைக் கேட்கிறது, அந்தக் காபி மறுபடி இரவைக் கெடுக்கிறது. நீங்கள் இந்தச் சுழலில்தான் இருக்கிறீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் அறிவித்தது. 240 மில்லிலிட்டர் வடிகாபியில் ஏறத்தாழ 95 மில்லிகிராம் இருக்கும். ஏழு கோப்பை என்றால் 600-ஐத் தாண்டிவிட்டீர்கள்.

படபடப்புக்கு இந்த அளவே காரணமாக இருக்கலாம்; காஃபீன் அட்ரினலினைத் தூண்டி, இரத்த அழுத்தத்தையும் சற்று உயர்த்துகிறது. ஆனாலும் காபியின் மீது பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். இதயத் துடிப்புப் பதிவு, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றாவதை நான் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு: காபி, தேநீர் இரண்டிலுமுள்ள பாலிபீனால்கள், உணவோடு சேர்ந்து உள்ளே போகும்போது, தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. இரத்தசோகையும் இதே அசதியையும் படபடப்பையும் தரும். சாப்பாட்டோடும், சாப்பிட்டு முடித்த கையோடும் காபி வேண்டாம்.

நல்லது என்று நீங்கள் படித்ததும் பொய்யில்லை. மிதமாகக் குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவும் சில கல்லீரல் நோய்களும் குறைவாகக் காணப்படுகின்றன. காஃபீன் நீக்கிய காபி குடிப்பவர்களிடமும் நீரிழிவு குறைவாகவே இருப்பதால், அந்த நன்மைக்குக் காஃபீனைத் தேடி ஓட வேண்டியதில்லை.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி ஒரு வாரத்துக்கு மேலும் நீளக்கூடும். முதலில் மாலைக் காபியை விடுங்கள். நான்கு நாட்களுக்கு ஒரு கோப்பை என்று குறைத்துக்கொண்டே வந்து, நண்பகலுக்கு முன் இரண்டு அல்லது மூன்று என்ற நிலையில் நில்லுங்கள். இடையில் தலைவலித்தால் மாத்திரை அட்டையைப் படித்துப் பாருங்கள். பல வலிநிவாரணிகளிலேயே காஃபீன் சேர்க்கப்பட்டிருக்கிறது. குறைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் இப்போதிருப்பதைவிடக் களைப்பாக உணர்வீர்கள். அது இத்தனை நாள் மறைந்திருந்த களைப்பு. அதற்குத் தூக்கத்தைக் கொடுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி நான். நாளுக்கு நான்கு கோப்பை தேநீர் குடிக்கிறேன். குறைக்க வேண்டுமா?

பதில்: குறைப்பது நல்லது. கர்ப்ப காலத்தில் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறார்கள். நீங்கள் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறீர்கள். மாதங்கள் ஏற ஏறக் காஃபீன் உடலைவிட்டு வெளியேறுவது மந்தமாகி, கடைசி மாதங்களில் பாதி வெளியேறவே பதினைந்து மணி நேரம்வரை ஆகலாம். நஞ்சுக்கொடியை அது தாராளமாகக் கடந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி கருவிலுள்ள குழந்தைக்கு இல்லை. அதிகக் காஃபீனுக்கும் குழந்தையின் குறைந்த பிறப்பு எடைக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அம்மா.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், தேர்வு நாட்களில் எனர்ஜி பானம் குடித்து இரவெல்லாம் விழிக்கிறான். இப்போது காஃபீன் பொடி வாங்கலாமா என்று கேட்கிறான்.

பதில்: பொடியை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். 250 மில்லிலிட்டர் எனர்ஜி பானத்தில் சுமார் 80 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். தூய பொடியிலோ ஒரு தேக்கரண்டியிலேயே மூவாயிரம் மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். சமையலறைக் கரண்டியால் அளந்து எடுக்கக்கூடிய பொருள் அல்ல அது. 1,200 மில்லிகிராமை ஒரே மூச்சில் உட்கொண்டாலே வலிப்பு வரலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள். படித்தது நினைவில் தங்குவதும் தூக்கத்தில்தான் என்பதை அவனிடம் சொல்லிப் பாருங்கள். பொடியை ஏற்கெனவே வாங்கியிருந்தால், இன்றே கேட்டு வாங்கி அப்புறப்படுத்துங்கள்.