கணிதம் படித்தவர் எல் நினோ ஆராய்ச்சிக்குப் போகலாமா?

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எல் நினோ ஆராய்ச்சிக்குப் போக ஆசை, ஆனால் புவியியல் படிக்காமல் முடியாது என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம் தம்பி. எல் நினோ என்பது, பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாவதுதான்.

1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கரே கணித ஆள்தான். பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடி, பல நாட்டு அழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டார். பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் ஊசலாட்டம் அப்படித்தான் பிடிபட்டது. அதைக் கடல் வெப்பத்தோடு, அதாவது எல் நினோவோடு, முடிச்சுப் போட்டவர் வானிலை அறிஞர் பியர்க்னஸ், 1969-இல்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைக்கும். நம் ஐப்பசி, கார்த்திகை மழையோ வலுக்கும். 2015 டிசம்பரில் எங்கள் சைதாப்பேட்டை வீட்டில் நான்காவது படி வரை தண்ணீர். (அதற்காக எல்லாப் பழியையும் எல் நினோ மேல் போடாதீர்கள், ஏரிகளை நாம் என்ன செய்தோம் என்பது தெரிந்ததுதானே.)

சரி, இப்போதே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் பழகுங்கள். அப்புறம் எம்.எஸ்சி.யில் வளிமண்டல அறிவியல் அல்லது கடலியல். பிஎச்.டி.க்குப் பல வருடம் பிடிக்கும், அதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகள் நிறுத்தி அளவெடுக்கிறது. மாணவர் பயிற்சி உண்டா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள்.