ஹெச்எம்எஸ் பெட்டார்ட் கப்பல் இரண்டாம் உலகப்போர்ல என்ன பண்ணுச்சு?

ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான்னு மூணு நாட்டு நீர்மூழ்கியையும் மூழ்கடிச்ச பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் (வேகமான போர்க்கப்பல்) இதுங்க. 1942 அக்டோபர் 30, மத்தியதரைக் கடல்ல யு-559ங்கிற ஜெர்மன் நீர்மூழ்கியை மணிக்கணக்கா துரத்தி மேல வர வச்சாங்க, அது மூழ்கிட்டிருக்கும்போதே பெட்டார்ட்லேருந்து போன ஃபேசன், கிரேசியர்னு ரெண்டு பேர் உள்ள இறங்கி ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துக் குடுத்தாங்க, கேன்டீன்ல வேலை பார்த்த 16 வயசுப் பையன் டாமி பிரவுன் வாங்கி மேல ஏத்தினான். அவன் மட்டும்தான் தப்பிச்சான், அந்த ரெண்டு பேரும் நீர்மூழ்கியோடவே போயிட்டாங்க, இப்ப நினைச்சாலும் மனசு கனக்குது. அந்தப் புத்தகங்களாலதான் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எனிக்மாங்கிற சங்கேத இயந்திரத்தால அனுப்பின செய்திகளை பிரிட்டன் டிசம்பர்ல திரும்பப் படிக்க ஆரம்பிச்சுது. அதே மாசம் பெட்டார்ட் இத்தாலி நீர்மூழ்கி ஒண்ணையும் மூழ்கடிச்சுது. அப்புறம் 1944 பிப்ரவரி 12, மாலத்தீவு பக்கம், கொழும்புக்கு வந்துட்டிருந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை ஜப்பானோட ஐ-27 நீர்மூழ்கி தாக்கி சுமார் 1,300 பேர் செத்தாங்க, பெட்டார்ட் அந்த நீர்மூழ்கியை டார்பிடோ போட்டு முடிச்சுது.