சளிப்பூஞ்சைக் கம்பி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயிருள்ள சளிப்பூஞ்சையை மின்சுற்றில் உறுப்பாகப் பயன்படுத்துவது பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். வானொலிப்பெட்டிகளைப் பழுதுபார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். மின்தடையின் அளவு மாறிவிட்டால் அதைக் கழற்றி எறிவதுதான் எங்கள் வழக்கம். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஒன்றை எப்படி உறுப்பு என்கிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெறும் கம்பியாக மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. பைசேரம் பாலிசெபாலம் என்னும் இந்த மஞ்சள் உயிர், பெயரில் பூஞ்சை இருந்தாலும் பூஞ்சை இனமல்ல. எண்ணற்ற உட்கருக்களைக் கொண்ட ஒற்றைச் செல். அகார் என்னும் கடற்பாசிக் கூழின் துண்டுகள் இரண்டை மின்முனைகள்மேல் வைத்து, ஒன்றில் இதையும் மற்றதில் ஓர் ஓட்ஸ் மணியையும் இட்டால், உணவைத் தேடி அது நீட்டும் குழாயே கம்பியாகிவிடுகிறது. பிரிஸ்டலில் உள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஆடமாட்ஸ்கி அளந்தபோது, 10 மில்லிமீட்டர் குழாயின் மின்தடை ஏறத்தாழ 3 மெகா ஓம், அதாவது 30 லட்சம் ஓம் இருந்தது. செம்புக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பேசவே முடியாது.

ஆனால் நீங்கள் பழுது என்று சொல்வதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். குழாய் சுருங்கி விரிய, உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் ஒரு பக்கம் ஓடி, சற்றே நின்று, வந்த வழியே திரும்புகிறது. அதற்கேற்ப மின்தடையும் சராசரியாக 73 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதால், குழாயையே ஓர் ஆசிலேட்டராக, அதாவது சீராக ஏறி இறங்கும் மின்னலைவைத் தரும் உறுப்பாகக் கொள்ளலாம் என்றார். மிக மந்தமான ஆசிலேட்டர்தான். உங்கள் வானொலிக்கு உதவாது.

இன்னொரு மாற்றம் இதைவிடச் சுவையானது. தன் வழியே முன்பு சென்ற மின்னோட்டத்தைப் பொறுத்துத் தடை மாறும் உறுப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று மின்பொறியியல் அறிஞர் லியோன் சுவா 1971இல் கணித்து, அதற்கு மெமரிஸ்டர் என்று பெயரிட்டார். சளிப்பூஞ்சை அதே இயல்பைக் காட்டுகிறது. பிளிமத் பல்கலைக்கழகத்தின் இசையமைப்பாளர் எடுவார்டோ மிராண்டா அதை வைத்து 2015இல் ஒரு பியானோ ஜோடிக் கச்சேரியே நடத்தினார்: அவர் வாசித்த சுரங்கள் மின்னழுத்தமாகச் சளிப்பூஞ்சைக்குள் சென்றன, அது திருப்பித் தந்த மின்னோட்டம் சுரங்களாக மாறி, மின்காந்தங்கள் வழியே அதே பியானோவின் தந்திகளை அதிர வைத்தது. இசையில் எதிர்பாராத பதில் குறையில்லை அல்லவா?

நீங்கள் கேட்காத ஒன்றில்தான் எனக்கே சங்கடம். ஒரு மாதிரி நடந்துகொள்வதுபோல் இன்னொன்று நடந்துகொள்வதில்லை. பிளிமத்தில் முப்பரிமாண அச்சில் சிறு கூடுகள் செய்து, அவற்றுக்குள் ஒரே சீராக வளர்க்க முயன்றதற்குக் காரணம் இதுவே. உங்கள் மின்தடைகளில் அவற்றின் அளவைச் சொல்லும் நிறப்பட்டைகளை இதன்மேல் தீட்ட இன்னும் வழியில்லை.